மூன்றாம் மாடி, கதவு எண் ஒன்பது

கடலோரச் சரணாலயத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் வீட்டுக்கு, ஏழாம் நாள், தண்ணீர் ஏறும் நேரத்தில், சரணாலயம் ஒரு நடை வந்துவிட்டுப் போகும். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் பதிவேடு வைத்த வருஷத்திலிருந்து என்று ஒரு பேச்சு உண்டு. பெயர், முகவரி, எத்தனை பேர் என்று கட்டம் போட்ட தடித்த நோட்டு அது. அந்த முகவரியைப் பார்த்துத்தான் வரும். ஒருத்தர் நம் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனால் நாமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவதுதானே மரியாதை, அவ்வளவுதான் விஷயம். இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில், பிளாஸ்டிக் கொண்டுவரக் கூடாது, விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்ற வரிகளுக்குக் கீழே, ஏழாம் நாள் தரையில் கிடக்கும் ஒயர்களை எடுத்து மேலே வைக்கவும் என்றும் எழுதியிருக்கிறது.

யார் எதைப் பார்த்தார்களோ அதுதான் அவர்கள் வீட்டுக்கு வரும். சாதாரணமாகக் கணுக்கால் அளவு தண்ணீர், இரண்டு நாரை, கொஞ்சம் நண்டு, இப்படித்தான் இருக்கும். தண்ணீர் இறங்கும்போது எல்லாம் கிளம்பிவிடும், தரையை ஒருமுறை துடைத்தால் போதும். மூன்று மணி நேரமும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வீட்டு வாசலில் ஒரு பிடி மணல் மட்டும் கிடந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் புகார் எழுதிப் போட்டார். தண்ணீருக்குள் காலி பாட்டிலை வீசிய இன்னொருவர் வீட்டுக்கு ஒரே ஒரு நண்டு வந்தது, அதே பாட்டிலை உருட்டிக்கொண்டு. மிதியடி மேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒருவரை ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் வீட்டுக்கு வந்த கொக்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்கு இங்கே வேலையில்லை என்று சீக்கிரமே கிளம்பியது. நத்தை ஒன்றை மட்டும் பார்த்த குழந்தை ஒன்று உண்டு. நத்தை கூடத்தைக் கடந்து முடிக்கத் தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் முழுக்க ஆனது, அதுவரை வீட்டில் ஒருவரும் குறுக்கே நடக்கவில்லை.

பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு நோட்டக்கா என்றே பெயராகிவிட்டது. பத்தொன்பது வருஷமாக வாசல் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அனுமதிச் சீட்டுக் கொடுப்பதும் அவள்தான், நோட்டை நீட்டி எழுத வைப்பதும் அவள்தான். கதவு எண் எழுதாவிட்டால் தலைகீழாக நின்றாலும் உள்ளே விடமாட்டாள். அதற்குக் காரணம் உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மனிதர் தெருப் பெயரோடு நிறுத்திவிட்டார். ஏழாம் நாள் பதினான்கு கூழைக்கடாப் பறவைகள் அந்தத் தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போயின. அறுபத்திரண்டாவது வீட்டில் ஆள் கிடைத்தபோது தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. பாவம், வாசலில் நின்றபடியே திரும்பிவிட்டன. அன்றிலிருந்து முகவரி விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. வாசல் அறையின் ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. வேலை நாளில் வாசலை விட்டு நகர முடியாது. அவளுக்கு லீவு செவ்வாய்க்கிழமை, சரணாலயத்துக்கும் அன்றைக்குத்தான் லீவு.

அவள் வீட்டுக்காரர் அங்கேயே படகுக்காரர். இருபத்திரண்டு வருஷம் கழி ஊன்றிப் படகு தள்ளினார். படகில் ஏறுகிறவர்களிடம், "முதல்ல வாயை மூடுங்க, அப்புறம் கண்ணைத் திறங்க" என்பார், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, "ஒரு நாள் உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்வார். அது தினமும் சொல்கிற வார்த்தை, மின்விசிறிச் சத்தம் மாதிரி அவளுக்குக் காதில் விழாமலே போயிற்று. வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருஷம் அவர் ஒரு கடல்பசுவைப் பார்த்தார், கன்றோடு. வந்து சொன்னார். கூடப் பார்த்த ஆள் யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டார், இல்லை. அதனால் சரணாலயத்து உயிரினப் பட்டியலில் கடல்பசு ஏறவில்லை. அதைப் பற்றி அவர் அப்புறம் வாயே திறக்கவில்லை, ஆனால் அந்த வளைவுக்கு வரும்போதெல்லாம் படகை ஒரு நிமிஷம் நிறுத்துவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும்போதே அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. சரி, வேணாம் என்று இரண்டு வார்த்தைகள்தான் மிஞ்சின, அதிலும் இரண்டாவதுதான் அதிகம் செலவானது. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுக்களை. கூடத்தில் சுவரோரமாகக் கட்டில். ஆறு மாதம் போல எதிர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தவர் ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், அப்படியே இருந்துவிட்டார். சோறு ஊட்டினாலும் சுவரைப் பார்த்தபடியே இரண்டு வாய், அப்புறம் வேணாம். டாக்டர் வந்து பார்த்தார். உடம்பு இன்னும் பத்து வருஷம் தாங்கும், ஆனால் மனுஷன் கிளம்புவது என்று முடிவு பண்ணிவிட்டார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று மாடிப்படியில் இறங்கும்போது சொன்னார். நோட்டக்கா அன்றைக்குப் படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். முதல் மாடித் தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவர் அந்தச் சுவரை விட்டுத் திரும்ப வேண்டும். அதைச் செய்யக்கூடியது எது என்று அவளுக்குத் தெரியும், வருஷக்கணக்காக அதன் வருகைகளை எழுதி அனுப்பிக்கொண்டிருப்பவளே அவள்தானே. அவர் பெயரையும் வீட்டு முகவரியையும் தானே நோட்டில் மூன்று தடவை எழுதிப் பார்த்தாள். ஏழாம் நாள் மூன்று தடவையும் ஒன்றும் வரவில்லை. சரணாலயம் அப்படியொன்றும் ஏமாந்தது இல்லை. உள்ளே வந்து பார்த்துப் போனவர்களைத்தான் அது போய்ப் பார்க்கும். வேலைக்காரர்களை ஒரு நாளும் பார்க்கப் போனதில்லை. வேலைக்கு வருகிறவர்களின் பெயர் வருகைப் பதிவில் இருக்கும், அது வேறு நோட்டு. தினமும் வந்து போகிற ஆளை யார் விருந்தாளி என்று நினைப்பார்கள்?

அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். படகுக்காரர் இன்னும் மருத்துவ விடுப்பில்தான் இருக்கிறார், அப்படியென்றால் இன்னும் வேலைக்காரர்தான், அவருக்குப் பார்வையாளர் சீட்டுக் கொடுக்க முடியாது என்றார். ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கி வந்தால் மறுநாளே உள்ளே விடலாம். அந்தக் காகிதம் இரண்டு வருஷமாக அலமாரியில் கிடந்தது; நீட்டியபோதெல்லாம் வேணாம் என்று சொல்லிவிட்டார். அதில் கையெழுத்துப் போட்டால் படகு போய்விடும், படகு போனால் தான் யார் என்று அவருக்குத் தெரியாது. இது நோட்டக்காவுக்கும் புரிந்தது. ஆனாலும் ஒரு காலை, அவர் முதுகுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பேசினாள்.

"அதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நீங்க விருந்தாளியா உள்ள போகலாம். அப்புறம் அது உங்களைப் பார்க்க வரும். நீங்க போடலன்னா நான் என்னங்க பண்ணுவேன்? இந்த முதுகையே பார்த்துக்கிட்டு எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறது? எனக்குப் பயமா இருக்கு."

அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, எழுந்துபோய் மூடலாமா என்று அவள் யோசித்தபோது, "சரி" என்றார். அந்த வார்த்தையை அவள் ஐந்து மாதமாகக் கேட்டிருக்கவில்லை. இடது கையால் கோணல்மாணலாக அவர் கையெழுத்துப் போட்டார், போடும்போது அழுதார், அவளும் அழுதாள், காகிதத்தில் மட்டும் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தையல்காரரும் இன்னும் மூன்று பேருமாக மாடியிலிருந்து இறக்கினார்கள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர் ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லிக்கொண்டே முன்னால் இறங்கினார், மொத்தம் நாற்பத்தெட்டு. சரணாலய வாசலில் அன்றைக்கென்று பார்த்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள். நோட்டக்கா தன் புருஷனுக்குச் சீட்டுக் கிழித்தாள், நோட்டை நீட்டினாள், பேனாவை இடது கையில் வைத்தாள். அவர் எழுத நாலு நிமிஷம் ஆயிற்று. வரிசையில் முணுமுணுப்பு, ஒருவர் மாற்றி ஒருவர் ஜன்னலுக்குள் கையை நீட்டினார்கள். பத்தொன்பது வருஷமாக ஒருத்தர் முகவரியையும் படித்துப் பார்க்காமல் விட்டதில்லை அவள். அன்றைக்கு இவர் எழுதியதைப் படிக்கவில்லை. சொந்தப் புருஷன் என்ன முகவரி எழுதப்போகிறார், அது தன் வீட்டு முகவரிதானே? தையல்காரர் தன் பெயரையும் கீழே எழுதிவிட்டு, சரணாலயத்துச் சக்கர நாற்காலிக்கு அவரை மாற்றித் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவளால் கூடப் போக முடியவில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.

படகுக்காரர் உள்ளே எப்படிப் பார்த்தார் என்று தையல்காரர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். விருந்தாளி பார்ப்பது போலவே இல்லையாம். வெளியூர் போய்விட்டு வந்த ஆள் தன் வீட்டு அறைகளைச் சுற்றிப் பார்ப்பாரே, எல்லாம் இருக்கிறதா, யாராவது எதையாவது நகர்த்தினார்களா என்று, அப்படிப் பார்த்தாராம். ஒரு கிளையை விடவில்லை, ஒரு நண்டு வளையை விடவில்லை. தையல்காரரோ தையல்சிட்டு எங்கே என்று தேடுவதிலேயே நேரத்தைக் கழித்துவிட்டார், இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற குருவியாயிற்றே, தொழில் பாசம்.

ஏழாம் நாள் தண்ணீர் ஏறும் நேரம் பதினொன்று பத்து. நோட்டக்கா அரை நாள் லீவு போட்டிருந்தாள். கூடத்தை ஒழித்து, ஒயர்களைச் சுருட்டி மேலே வைத்து, அவருக்குச் சவரம் செய்து, வெளுத்த சட்டையைப் போட்டுவிட்டாள். அவர் அன்றைக்குச் சுவரை விட்டுத் திரும்பி, கதவைப் பார்த்துப் படுத்திருந்தார். பதினொன்று பத்துக்குச் சரியாக, முதல் மாடியில் தையல்காரர் கடைக்குள் உள்ளங்கால் நனைகிற அளவு தண்ணீர் வந்தது, கூடவே ஒரு தையல்சிட்டு. அது தையல் மெஷின் மேல் உட்கார்ந்து, பாதி தைத்திருந்த ஒரு சட்டைக் காலரை முழுதாக ஆராய்ந்துவிட்டு, ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. மூன்றாம் மாடிக்கு ஒன்றும் வரவில்லை. படியில் ஒரு ஈரத் தடம்கூட இல்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில், "வேணாம்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அன்று மதியம் அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையிலும் திறக்கவில்லை, தண்ணீருக்குக்கூட.

அன்றைக்கு வியாழக்கிழமை. அவரைக் கணக்கு டீச்சரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கதவைச் சும்மா சாத்திவிட்டு, அவள் வேலைக்குப் போனாள். போகாமல் இருந்தால் அந்த முதுகைப் பார்க்க வேண்டும். சரணாலய வாசலில் அதிகாரி கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றுகொண்டிருந்தார். நேற்றுப் பதினொன்று பத்துக்கு ஏறிய தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. உள்ளே போன படகுகள் திரும்ப வழியில்லாமல் தவித்தன, ஏனென்றால் துறைக்குப் போகும் பாதையெல்லாம் அடைபட்டிருந்தது. என்னவென்று வந்து பார் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனார். வாசல் அறையைத் தாண்டி அவள் வைத்த முதல் அடி அதுதான், அதுகூட அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. துறைத் திருப்பம் வரை போய் நின்றார்கள்.

படகுத்துறையில் பழைய கொட்டகை ஒன்று உண்டு, கழியும் துடுப்பும் வைக்கிற இடம், இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடப்பது. அதைச் சுற்றி சரணாலயம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. கூரை கொள்ளாமல் கூழைக்கடா. படியில் முதலைகள், ஒன்றின் வால்மேல் ஒன்று படாமல். நீர்நாய்க் குடும்பம் ஒன்று குட்டிகளை மடியில் அடக்கிக்கொண்டு. பூநாரைகள், உள்ளான்கள், ஆமைகள், சேற்றில் துள்ளுகிற மீன்கள், எண்ண முடியாத நண்டுகள். அலையாத்தி மரங்களே இடம்பெயர்ந்து வந்து, வேர்க்கால்களை மடக்கி அமர்ந்திருந்தன. எல்லாம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சத்தம் இல்லை. தேடி வந்த வீடு பூட்டியிருந்தால் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் இப்படியொன்றை அவர் பார்த்ததில்லை, நோட்டக்காவுக்கோ உள்ளே பார்ப்பதே அதுதான் முதல் தடவை.

"யாரோ விலாசம் தப்பா எழுதியிருக்காங்க. நோட்டைப் பாரும்மா" என்றார் அதிகாரி, மெதுவாக.

பார்த்தார்கள். போன புதன்கிழமைப் பக்கத்தில், இடது கையெழுத்தில், படகுக்காரர் பெயருக்கு எதிரே முகவரி இருந்தது: படகுத்துறைக் கொட்டகை, சரணாலயம் உள்ளே. இருபத்திரண்டு வருஷமாக எல்லாப் படிவத்திலும் அவர் எழுதிய இடம் அதுதான். கைப்பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, தெரிந்தேதான் எழுதினார் என்கிறார்கள் வேறு சிலர். இப்போது அவரைக் கேட்டால் சிரிக்கிறார்.

"உன் வீட்டுக்காரர் எழுதினதையே நீ சரிபார்க்கலையா?"

"என் வீட்டு விலாசம்தானே சார்னு விட்டுட்டேன்."

அடித்துத் திருத்தினால் அதிகாரி சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. நோட்டக்கா ஒரே கோடாக அடித்து, மேலே தெளிவாக எழுதினாள், மூன்றாம் மாடி, கதவு எண் ஒன்பது, தெரு, பின்கோடு உட்பட. அதிகாரி பக்கத்தில் ஒப்பமிட்டார். மை காய்வதற்குள் துறையிலிருந்து ஒரு பெருமூச்சு மாதிரிக் கேட்டது. கூரையிலிருந்த கூழைக்கடாக்கள் தலையைத் திருப்பின. முதலைகள் எழுந்து நின்றன. தண்ணீர் கொட்டகைப் படியை விட்டு நகர்ந்து, வாசல் வழியாக, நோட்டக்காவின் ஜன்னலுக்கு எதிரே ரோட்டில் இறங்கியது. மணி பன்னிரண்டு.

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் எதைப் பார்த்தார்களோ அதுதான் வரும். அவர் எதைத்தான் பார்க்கவில்லை? மற்றவர்களுக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் போகிறது. இவருக்கு இருபத்திரண்டு வருஷத்துத் தண்ணீர் போகிறது. கட்டில் முழங்கால் உயரம்தான். அவரால் எழுந்து உட்காரக்கூட முடியாது. அவள் வாசலைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினாள். பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் வாசலை விட்டது அன்றைக்குத்தான், அதிகாரி அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பஸ் இரண்டு நிறுத்தம்தான் போயிற்று. அப்புறம் ரோடு முழுக்க ஊர்வலம். அவள் இறங்கி, அதன் நடுவிலேயே நடந்தாள், முழங்கால் தண்ணீரில். இரு பக்கமும் பூநாரைகள் வேகமும் காட்டாமல் தாமதமும் பண்ணாமல் நடந்தன. அலையாத்தி மரங்கள் வேர்க்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, புடவை நனையாமல் நடக்கிற பெண்களைப் போல வந்தன. நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார், சரணாலயம் நின்றது. கையை இறக்கினார், நகர்ந்தது. கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தரும் படம் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். உச்சி வெயிலில் அந்தத் தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவ்வளவு பயத்திலும் அவள் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பார்த்தாள், மேலே வானம் தெரியாமல் இறக்கைகள். இத்தனையும் என் ஜன்னலுக்குப் பின்னாடியா இருந்தது என்று நினைத்தாள். ஐயோ, அவர் மட்டும் மூழ்காமல் இருக்கட்டும் என்றும் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் மாடி ஏறிக்கொண்டிருந்தது. நமக்குத் தெரிந்து தண்ணீர் மாடி ஏறுவது இப்படித்தான்: ஒரு படியை நிரப்பும், கொஞ்சம் மூச்சு வாங்கும், அடுத்த படிக்குப் போகும். தையல்காரர் துணி மூட்டைகளை மேல்தட்டில் ஏற்றிவிட்டு மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார். "அண்ணனைத் தேடித்தான்க்கா வந்திருக்காங்க. பாதிப்பேர் மேல போயாச்சு" என்றார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெரிய முதலை தன் முறைக்காகக் காத்திருந்தது, அவளைப் பார்த்ததும் கைப்பிடிப் பக்கம் ஒதுங்கி வழி விட்டது. மூன்றாம் மாடி வாசலில் கணக்கு டீச்சர் இடுப்புத் தண்ணீரில் நின்று, உள்ளே போகிற பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆயிரத்து நானூறு வரை எண்ணியிருந்தார். "உள்ளே அவர் எப்படி இருக்கார்?" என்று நோட்டக்கா கத்தினாள். டீச்சர் எண்ணிக்கையை விட மனமில்லாமல் கையை மட்டும் உள்ளே காட்டினார்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் நின்று பார்த்தாள். கட்டிலோரச் சுவர், அவர் ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே சுவர், அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் ஓடை போனது. இரு கரையிலும் அலையாத்திக் காடு, கிளை கிளையாகக் கொக்கு, இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் தண்ணீரில் காசு காசாக ஆடிக்கொண்டிருந்தது. ஓடை கண்ணுக்கெட்டிய தூரம் வரை போய், கடைசியில் வெளிச்சமாக இருந்தது, அது கடலாகத்தான் இருக்க வேண்டும். கட்டில் மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் அவர் உட்கார்ந்திருந்தார், முதுகு நேராக, சவரம் செய்த முகமாக. இடது கையில் தரை துடைக்கிற மாப்பின் கம்பு. அதை ஊன்றி, கட்டிலை அவள் பக்கம் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சீட்டு இருக்கா?" என்றார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மூன்றாவது வார்த்தை. பத்தொன்பது வருஷம் சீட்டுக் கிழித்தவளிடம் ஒரு சீட்டு இல்லை. "இல்லீங்க" என்றாள்.

"பரவாயில்ல, ஏறு. ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல."

அவள் ஏறினாள். அழுகை வந்தது, பேச்சு வந்தது, அவர் உதட்டில் விரலை வைத்து, முதல்ல வாயை மூடு, அப்புறம் கண்ணைத் திற என்றார். எல்லோருக்கும் சொல்கிற அதே வாசகம்தான், ஆனால் அவளுக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. தண்ணீர் இறங்கும் வரை அவர் அவளுக்குக் காட்டினார். நீர்நாய் குட்டிக்கு நீந்தச் சொல்லிக்கொடுப்பதை, ஒரு கை பெருத்த நண்டு எல்லோரையும் கூப்பிடுவதை, மீன்கொத்தி குறி தப்பி வெட்கப்படுவதை. ஒவ்வொன்றையும் அவருக்கு ஆள் தெரிந்த மாதிரித் தெரிந்தது. ஒரு வளைவில் கட்டிலை நிறுத்தினார். தண்ணீர் கலங்கி, பெரிதாக, சாம்பல் நிறமாக ஒரு முதுகு எழுந்தது, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. இரண்டும் புஸ்ஸென்று மூச்சு விட்டு, அவர்களைப் பார்த்தன.

"பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்தேங்க. கன்னுக்குட்டியோட."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பதினெட்டு வருஷம் கழித்து அவருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. கன்று போகும் திசையைப் பார்த்து அவர் கழுத்து திரும்பியது, பிறகு உடம்பும் திரும்பியது, பிறகு நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. "நேரமாச்சு, கிளம்பலாம்" என்று படகுக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், இருபத்திரண்டு வருஷமாகப் பார்வையாளர்களிடம் சொன்ன அதே தொனியில். சரணாலயம் எழுந்து, யாரையும் இடிக்காமல், வரிசையாகப் படியிறங்கியது. கட்டில் தரையில் உட்கார்ந்தது, சுவர் பழைய இடத்துக்கு வந்தது, இடுப்பு உயரத்தில் பச்சையாக ஒரு கோடு மட்டும் தங்கியது. தண்ணீரோடு அவர் பேச்சும் முக்கால்வாசி இறங்கிவிட்டது, ஆனால் ஒன்பது வார்த்தைகள் நின்றன. அன்று சாயங்காலம் அவற்றில் ஒன்றைச் செலவழித்து, "பசிக்குது" என்றார்.

மறுநாள் அதிகாரி உயிரினப் பட்டியலில் கடல்பசு, கன்றுடன், சாட்சி ஒருவர் என்று எழுதிக்கொண்டார். பார்த்த இடம் என்ற கட்டத்தில் மூன்றாம் மாடி என்று எழுதுவதா என்று சற்று யோசித்துவிட்டு, எழுதினார். நோட்டக்கா பதிவேட்டில் தன் பெயரையும் கதவு எண்ணையும் எழுதினாள், அவளும் பார்வையாளர்தானே இப்போது. அதனால் ஏழாம் நாள் சரணாலயம் அவளைப் பார்க்க வந்தது. வந்தபோது அவர்கள் இருவரும் மறுபடி அதற்குள் போய் வந்ததால், அதற்கு அடுத்த ஏழாம் நாளும் வந்தது. இந்தப் போக்குவரத்து இன்றுவரை நின்றபாடில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. தண்ணீர் ஏறும் நேர அட்டவணை மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அந்தந்த நாளில் குடியிருப்பவர்கள் செருப்பை நான்காம் படிக்கு மேலே கழற்றி வைக்கிறார்கள். முதலைக்காகக் கைப்பிடிப் பக்கம் காலியாக விடப்படுகிறது. கணக்கு டீச்சர் நாலாயிரம் தாண்டிவிட்டார். படகுக்காரரிடம் இப்போது இருநூறு வார்த்தைகளுக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் பாதி தையல்காரரைக் கிண்டல் பண்ணுவதற்கே போகிறது. கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டாயிற்று.

வருகிற நாளில் நோட்டக்கா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலோரம் உட்காருவாள். முன்தினமே தன் பெயருக்கு முறைப்படி வாங்கிய சீட்டை எடுத்து நீட்டுவாள். ஒரு கையால் கிழிக்க அவருக்கு வராது; அதனால் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்வாள், மறுமுனையை அவர் இழுப்பார். அதற்குள் கீழே முதல் படியில் தண்ணீர் வந்து நிற்கும் சத்தம் கேட்கும்.